புரதமும் ஆர்.என்.ஏ.வும்: ரைபோசோம் ஆய்வின் வரலாறு

உயிரணுக்களில் புரதங்களை உருவாக்கும் ரைபோசோம், ஆர்.என்.ஏ.வும் பல புரதங்களும் இணைந்து அமைந்தது. பலவகை ஆர்.என்.ஏ.க்கள் நிறைந்த உயிரணுவில் ஒரு புரதம் தனக்குரிய இடத்தை எவ்வாறு கண்டுகொள்கிறது? இதற்கு விடை கண்டவர்களுள் சிதம்பரத்தில் 1952இல் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனும் ஒருவர்.

அடையாளம் காணும் முறை

டி.என்.ஏ. இரட்டைச் சுருளின் பெரிய பள்ளம் அகலமானது. புரதங்கள் அதனுள் நுழைந்து கார வரிசையை அறிகின்றன. ஆர்.என்.ஏ. சுருளில் அப்பள்ளம் ஆழமாகவும் குறுகலாகவும் இருப்பதால் நுழைவது கடினம். ஆனால் ஆர்.என்.ஏ. இழை தன்மீதே மடிந்து, மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவு போன்ற வளைவுகளையும், புடைப்புகளையும், சுருள்கள் கூடும் சந்திப்புகளையும் உண்டாக்குகிறது. அவ்விடங்களில் காரங்கள் வெளியே தெரிகின்றன. லைசின், ஆர்ஜினின் ஆகியவற்றின் நேர்மின்னூட்டம் எந்த ஆர்.என்.ஏ.வையும் ஈர்க்கும். ஆகவே சரியான இடத்தைத் தேர்ந்தெடுக்க இந்த வடிவங்களும் வெளித்தெரியும் காரங்களுமே பெரிதும் உதவுகின்றன.

ஆய்வின் வளர்ச்சி

ரைபோசோமின் சிறிய பகுதியான 30எஸ் துணை அலகைப் பிரித்து, அதன் ஆர்.என்.ஏ.வையும் புரதங்களையும் மீண்டும் கலந்தால் அது தானாகவே உருவாகிறது என்பதை மசயாசு நொமுரா குழுவினர் 1968இல் காட்டினர். புரதங்கள் ஓர் ஒழுங்கில் சேர்வதும் தெரியவந்தது.

இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றபின் உயிரியலுக்கு மாறிய ராமகிருஷ்ணன், 1978 முதல் யேல் பல்கலைக்கழகத்தில் பீட்டர் மூருடன் இணைந்து, நியூட்ரான் சிதறல் முறையில் அப்புரதங்களின் இருப்பிடங்களை ஆராய்ந்தார். 1989இல் தாமஸ் ஸ்டைட்ஸ் குழுவினர், கடத்து ஆர்.என்.ஏ.வுடன் பிணைந்த ஒரு நொதியின் படிக அமைப்பை வெளியிட்டனர். 1994இல் கேம்பிரிட்ஜில் கியோஷி நகாய் குழுவினர், யூ1ஏ என்னும் புரதம் கொண்டை ஊசி வளைவைப் பற்றியிருப்பதைக் காட்டினர்.

2000ஆம் ஆண்டில் ராமகிருஷ்ணன் குழுவும் அடா யோனத் குழுவும் 30எஸ் அலகின் அணு அமைப்பைத் தனித்தனியே வெளியிட்டன. எஸ்15 என்னும் புரதம் மூன்று சுருள்கள் கூடும் சந்திப்பில் பிணைகிறது. அப்போது சுருள்கள் உரிய நிலையில் அமைவதால், எஸ்6, எஸ்18 புரதங்கள் அடுத்து வந்து சேர வழி பிறக்கிறது. பல புரதங்களின் நீண்ட வால்கள் ஆர்.என்.ஏ. மடிப்புகளுக்குள் ஊடுருவியிருப்பதும் தெரிந்தது.

பயன்

ரைபோசோமில் மரபுச் செய்தியைச் சரிபார்க்கும் வேலையை முதன்மையாகச் செய்வது ஆர்.என்.ஏ.வே, அதன் வடிவத்தைத் தாங்கி நிலைநிறுத்துவன புரதங்கள். காசநோய்க்குத் தரப்படும் ஸ்ட்ரெப்டோமைசின், பாக்டீரியாவின் இந்த 30எஸ் அலகில்தான் பிணைகிறது. எனவே இவ்வமைப்பு புதிய மருந்து ஆய்வுக்கும் வழிகாட்டியது. 2009இல் ராமகிருஷ்ணன், ஸ்டைட்ஸ், யோனத் மூவரும் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.