ராத் கணக்கா, மரபுக் கணக்கா: பணிக்காலப் பிற்பகுதியில்

அமெரிக்க ஓய்வுக்காலச் சேமிப்பில், வருமான வரியை இன்று கட்டுவதா, பிறகு கட்டுவதா என்னும் தேர்வு உண்டு. மரபுக் கணக்கில் போடும் பணத்துக்குப் பொதுவாக இப்போது வரி இல்லை, எடுக்கும்போது உண்டு. டெலவேர் செனட்டர் வில்லியம் ராத்தின் பெயரில், 1997 சட்டத்தால் வந்த ராத் கணக்கில் இது தலைகீழ்.

ஐம்பதைத் தாண்டியவர்களின் சம்பளம் பெரும்பாலும் உச்சத்தில் இருக்கும். 24 சதவீத வரி அடுக்கில் இருப்பவர் 10,000 டாலரை மரபுக் கணக்கில் போட்டால் 2,400 டாலர் வரி தள்ளிப்போகிறது. ஓய்வுக்குப் பின் 12 சதவீதத்தில் எடுத்தால் ஆதாயம் அவருக்கே. கலிபோர்னியாவில் சம்பாதித்து, மாநில வருமான வரியே இல்லாத ஃபுளோரிடாவுக்குக் குடிபெயர்ந்தால் இன்னும் நல்லது.

கணக்கு இத்தோடு முடிவதில்லை. மரபுக் கணக்கிலிருந்து 73 வயது முதல் (1960-லும் அதன் பின்னும் பிறந்தவர்களுக்கு 75) ஆண்டுதோறும் குறிப்பிட்ட தொகையை எடுத்தே தீர வேண்டும். சேமிப்பு பெரிதென்றால் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரின் கட்டணமும் ஏறக்கூடும். ராத் கணக்கின் உரிமையாளருக்கு வாழ்நாளில் அந்தக் கட்டாயம் இல்லை. ஆகவே வேலையை விட்டபின் வருமானம் தாழும் ஆண்டுகளில், மரபுப் பணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ராத்துக்கு மாற்றுவதே கெட்டிக்காரத்தனம்.

சிலருக்குத் தேர்வே இல்லாத இடமும் உண்டு: 2026-இல், முந்தைய ஆண்டு ஊதியம் 1,50,000 டாலரைத் தாண்டியவர்கள், வேலையிடம் வழங்கும் 401(கே) சேமிப்புத் திட்டத்தில் ஐம்பது வயதுக்கு மேல் அனுமதிக்கப்படும் கூடுதல் பங்களிப்பை ராத் முறையில்தான் செலுத்த முடியும்.