எரிபொருட் கலனும் கண்ணுக்குப் புலப்படாத தீப்பொறியும்

பேசாலை, தலைமன்னார், எருக்கலம்பிட்டி, விடத்தல்தீவு, சிலாவத்துறை என மன்னார்த் தீவிலும் அதனையண்டிய கரையோரத்திலும் தமிழரும் முஸ்லிம்களும் கடற்றொழிலை நம்பி வாழும் ஊர்கள் பல. இங்குள்ள வெளியிணைப்பு இயந்திரப் படகுகளிற் பல பெற்றோலில் இயங்கத் தொடங்கிப் பின்னர் மண்ணெண்ணெயில் ஓடுபவை. படகை எரிபொருள் நிரப்பு நிலையத்திற்குக் கொண்டு செல்ல இயலாது. ஆகவே எரிபொருள் பிளாஸ்டிக் கலன்களிலேயே கரைக்கு வருகின்றது. 2022ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியின்போது நாடெங்கும் மக்கள் கலன்களுடன் வரிசையில் நின்றனர். ஏனையோருக்கு அது தற்காலிக அவதி. கடற்றொழிலாளருக்குக் கலன் அன்றாடத் தேவை. அதனை நிரப்பும்போது எழும் நிலைமின் ஆபத்தை நாம் போதியளவு சிந்திப்பதில்லை.

எரிபொருள் மின்னை எளிதிற் கடத்தாதது. குழாயினூடாக விரைந்து பாய்கையில் அதில் மின்னேற்றம் உண்டாகின்றது. பிளாஸ்டிக் கலனில் அந்த ஏற்றம் வெளியேற வழியின்றித் தேங்குகின்றது. உலோகக் கலனாயினும் முச்சக்கர வண்டியின் இருக்கை மீது வைத்து நிரப்பினால் நிலைமை அதுவே. தேங்கிய ஏற்றம் குழாய் முனைக்குத் தாவும் கணத்திற் தீப்பொறி எழலாம். பெற்றோல் ஆவியைப் பற்றவைக்க ஒரு மில்லிஜூலின் ஏறத்தாழக் காற்பங்கு சக்தியே போதும். கையால் உணரமுடியாத பொறியும் அதற்குப் போதுமானது. கடற்காற்றின் ஈரப்பதன் இவ்வாபத்தைக் குறைக்குமேயன்றி முற்றாக நீக்காது.

பெற்றோல் எச்சமுள்ள கலனில் மண்ணெண்ணெயை நிரப்புவது மேலும் ஆபத்தானது. பெற்றோல் மட்டும் உள்ள மூடிய கலனுள் ஆவி மிக அடர்ந்திருப்பதால் எரிவதற்கு வேண்டிய வளி போதாது. மண்ணெண்ணெய் அந்த ஆவியின் ஒரு பகுதியை உறிஞ்சும்போது ஆவியின் அளவு குறைந்து, எரியக்கூடிய எல்லைக்குள், அதாவது ஏறத்தாழ 1.4 முதல் 7.6 சதவீதத்திற்குள் வந்துவிடலாம். மண்ணெண்ணெய் இலகுவிற் பற்றாது என்ற துணிவு இங்கு உதவாது.

தடுக்கும் வழிகள் செலவற்றவை. கலனை வண்டியிலிருந்து இறக்கித் தரையில் வைக்க வேண்டும். குழாய் முனை கலனின் வாயைத் தொட்டபடியிருக்க மெதுவாக நிரப்ப வேண்டும். பெற்றோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வெவ்வேறு கலன்களைப் பயன்படுத்த வேண்டும். எரிபொருளுக்கெனத் தயாரிக்கப்பட்ட கலன்களே உகந்தவை; அவற்றையும் விளிம்புவரை நிரப்பலாகாது. தீ மூண்டால் குழாயை வெளியே இழுக்காது, எரிபொருட் பாய்ச்சலை நிறுத்தச் செய்து விலகிவிட வேண்டும்.

கைத்தொலைபேசியைத் தவிர்க்குமாறு கோரும் அறிவித்தலை நிரப்பு நிலையங்களில் வழமையாகக் காண்கிறோம். கலனைத் தரையில் வைக்குமாறு கோரும் அறிவித்தலும் அதனருகே தமிழில் இடம்பெற வேண்டும். நிலைய உரிமையாளரும் கடற்றொழிலாளர் சங்கங்களும் இதனை முன்னெடுப்பதற்கு ஒரு விபத்து நிகழும்வரை காத்திருத்தலாகாது.