ஓலைத் தொப்பியும் கரையூர் மகளிரும்

பழவேற்காட்டின் சரித்திரத்தை எழுதப் புகுவோர், 1613-ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் கட்டிய கெல்டிரியாக் கோட்டையையே முதலிற் கூறுவது வழக்கம். நாமோ இவ்விதழில் ஓர் ஓலைத் தொப்பியின் சரித்திரத்தை நம் சமூகத்தார் முன் வைக்கின்றோம்.

சென்னைக்குத் துறைமுகம் இல்லாதிருந்த காலத்தில் கப்பல்கள் கரையணுக மாட்டாமல் கடலில் நங்கூரமிட்டு நிற்கும். மசூலாப் படகும் செல்லவொண்ணாத கொந்தளிப்பில் நம் முன்னோர் கட்டுமரமேறிச் சென்று, கரையிலுள்ளார் கடிதங்களைக் கப்பலிற் சேர்ப்பித்தனர். அலை புரட்டினும் கடிதம் நனையாது; அவர்தம் தலையிலிருந்த கூம்புத் தொப்பியினுள் அது பத்திரமாயிருக்கும். பாய்போல் நெருங்க முடைந்த அத்தொப்பியை ஐரோப்பிய யாத்திரிகர் வியந்து எழுதினர். ஆயின் அணிந்தவர் துணிவைப் போற்றியோர், முடைந்த கைகளைப் போற்றினாரில்லை. 1875 டிசம்பரில் துறைமுகத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது; துறைமுகம் எழுந்தபின் அக்கடிதத் தூது ஒழிந்தது; தொப்பியும் மறைந்தது.

தொப்பி மறையினும் முடையுங் கலை மறைந்திலது. சென்னையினின்று வடக்கே செல்லும் இருப்புப்பாதையில் மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் இடையே அனுப்பம்பட்டு உளது. அதற்கு வடகிழக்கிலுள்ள பழவேற்காட்டில் இன்றும் பெண்மணிகள் பனையோலையாற் பெட்டியும் கூடையும் விசிறியும் முடைகின்றனர். இக்கலையை விடாது காத்துவரும் முஸ்லிம் சகோதரிகளுக்கு நம் நன்றி உரியது.

வேலை எளிதன்று. குருத்தோலையை வெட்டி வெயிலில் உலர்த்தி, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலமாய் வகிர்ந்து, நிறம் வேண்டின் சாயநீரிற் கொதிக்க வைப்பர். முடையுமுன் சற்றே ஈரங்காட்டுவர். ஈரங் குறைந்தால் ஓலை ஒடியும். மிகுந்தால் காய்ந்தபின் முடைச்சல் தளரும். தொப்பியாயின் உச்சியிற் றொடங்கி, சரிவு விரியுந்தோறும் புதிய ஓலை சேர்த்து, விளிம்பில் மடித்து முடித்தல் வேண்டும். கண்ணும் விரலுமே இதற்கு அளவுகோல்.

இதனை நாம் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஏரியில் மீன்பிடிக்கும் பாட்டு உரிமை நம்முள் ஆண்மக்கள் பெயராலேயே வழங்கிவருகிறது. முகத்துவாரம் மணலால் அடைபட்டு மீன் குன்றுங் காலத்தில் அவ்வுரிமையும் அடுப்பெரிக்க உதவாது. கணவனை இழந்தவளுக்கோ கேட்கவே வேண்டியதில்லை. ஓலை முடைதலோ எவர் பெயரிலும் எழுதப்படாத உரிமை; கற்றவள் கையை விட்டு அகலாது.

ஈக்வடார் நாட்டுத் தொப்பி பனாமா வழியே ஏற்றுமதியானமையால் 'பனாமாத் தொப்பி' எனப் பெயர்பெற்றது. முடைந்தவர் நாடு மறைய, கடந்துசென்ற துறையின் பெயரே நின்றது. எனினும் அந்நாட்டார் சோர்ந்திலர். 2012-இல் யுனெஸ்கோ அவர்தம் முடைதற் கலையை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது.

நம் கடமை யாது? பனைமரத்தை வெட்டக் கலெக்டரின் அனுமதி வேண்டுமெனத் தமிழ்நாட்டரசு 2021-இல் அறிவித்தது. வெட்டாதிருத்தல் மட்டும் போதாது. ஊர்தோறும் பனங்கொட்டை ஊன்றுவோம். முதிய பெண்மணிகள் அறிந்த முடைச்சல் வகைகளைச் சிறுமியர்க்குக் கற்பிப்போம். இடைத்தரகர் கைக்கொள்ளும் பங்கு முடைந்தவள் கைக்கே சேருமாறு மகளிர் கூட்டுறவு அமைப்போம். முன்னோர் தலையிற் கடிதத்தைக் காத்த ஓலை, இனி நம் பெண்மக்கள் குடும்பத்தைக் காக்குமாறு செய்தல் நம் சங்கத்தார் ஒவ்வொருவர்க்கும் உரிய கடனாகும்.