ஓசூர், கிருஷ்ணகிரி மாணவர்களே... புரோகிராமிங், நெட்வொர்க்கிங், சிஸ்டம் அட்மின்: எதைப் படிக்கலாம்? எங்கே படிக்கலாம்?

பிளஸ் 2 முடித்த பிள்ளைகள் உள்ள ஓசூர் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "கம்ப்யூட்டர் படிச்சா போதும், பக்கத்துலயே பெங்களூர் இருக்கு." ஜூஜூவாடி, அத்திப்பள்ளி தாண்டினால் எலக்ட்ரானிக் சிட்டி என்பது உண்மைதான். ஆனால், கம்ப்யூட்டர் படிப்பு என்பது ஒரே வேலைக்கான படிப்பு இல்லை. இது தெரியாமல் சேர்ந்தால், பட்டம் வாங்கியும் இன்டர்வியூவில் திணற வேண்டிவரும்.

மூன்றுக்கும் என்ன வித்தியாசம்?

புரோகிராமிங்: சி, ஜாவா, பைத்தான் போன்ற மொழிகளில் மென்பொருள் எழுதுவது.

நெட்வொர்க்கிங்: ரூட்டர், ஸ்விட்ச், ஃபயர்வால் மூலம் கணினிகளை இணைத்து, அந்த இணைப்பைப் பாதுகாப்பது.

சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேஷன்: லினக்ஸ், விண்டோஸ் சர்வர்களை நிற்காமல் ஓட வைப்பது. பேக்கப், பயனர் கணக்குகள், அப்டேட் எல்லாம் இவர்கள் பொறுப்பு.

உள்ளூரில் வேலை இருக்கா?

அசோக் லேலண்ட், டி.வி.எஸ். மோட்டார், டைட்டன் என ஆலைகள் நிறைந்த ஊர் ஓசூர். இன்றைய ஆலையில் ரோபோவும் இயந்திரக் கட்டுப்பாட்டுக் கருவிகளும் நெட்வொர்க்கில்தான் பேசிக்கொள்கின்றன. ஸ்டோர்ஸ் கணக்கும் டிஸ்பாட்ச் பில்லும் சர்வரில் இருக்கின்றன. ஒரு ஸ்விட்ச் பழுதானால் அசெம்பிளி லைனே நிற்கலாம். அதை பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு மாற்ற முடியாது. ஷிப்டில் ஆள் வேண்டும்.

எங்கே படிக்கலாம்?

பர்கூரில் அரசு பொறியியல் கல்லூரி, ஓசூரில் அதியமான் பொறியியல் கல்லூரி ஆகியவற்றில் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் உள்ளது. இரண்டும் அண்ணா பல்கலைக்கழக இணைப்பு பெற்றவை. பாலிடெக்னிக் டிப்ளமோ முடித்தவர்கள் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். மாவட்டத்தின் கலை, அறிவியல் கல்லூரிகள் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன, பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ், பி.சி.ஏ. அங்கே கிடைக்கும்.

வேலை பார்த்துக்கொண்டே படிக்க நினைப்பவர்களுக்கு, சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் தொடங்கிய ஆன்லைன் பட்டப்படிப்பு ஒரு வழி. ஜே.இ.இ. தேவையில்லை. பாடம் ஆன்லைனில், தேர்வை மட்டும் மையத்துக்குப் போய் எழுத வேண்டும்.

பட்டம் மட்டும் போதுமா?

புரோகிராமிங்குக்குப் பாடத்திட்டத்தில் இடம் அதிகம். நெட்வொர்க்கிங்கும் ஆபரேட்டிங் சிஸ்டமும் பெரும்பாலும் ஓரிரு தாள்களோடு முடிந்துவிடும். அந்த வேலை வேண்டுமென்றால் கூடுதலாகப் படித்தே ஆக வேண்டும். நெட்வொர்க்குக்கு சிஸ்கோவின் சி.சி.என்.ஏ., லினக்ஸுக்கு ரெட் ஹேட்டின் ஆர்.எச்.சி.எஸ்.ஏ. பரவலாக மதிக்கப்படும் சான்றிதழ்கள். ரெட் ஹேட் தேர்வு முழுக்கச் செய்முறை, மனப்பாடம் உதவாது. சிஸ்கோவின் 'பாக்கெட் டிரேசர்' மென்பொருள் இலவசம் என்பதால் ரூட்டர் வாங்காமலே வீட்டில் பழகலாம்.

கர்நாடகாவில் சேரலாமா?

சேரலாம். ஆனால் அங்குள்ள அரசு ஒதுக்கீட்டு இடங்கள் பொதுவாகக் கர்நாடகாவில் படித்தவர்களுக்கே. நம் மாணவர்களுக்கு காமெட்-கே தேர்வு அல்லது நிர்வாக ஒதுக்கீடுதான் வழி. அதே சமயம், 6 முதல் 12 வரை தமிழக அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5% இடஒதுக்கீடும், முதல் பட்டதாரி கட்டணச் சலுகையும் தமிழகக் கலந்தாய்வில் சேர்பவர்களுக்கானவை. எல்லை தாண்டும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க.

சேரும் முன் கேட்க வேண்டியவை

* கல்லூரிக்கு ஏ.ஐ.சி.டி.இ. அனுமதி இருக்கிறதா? 2024-25 முதல் பி.சி.ஏ.வும் இதன் வரம்பில் வந்துவிட்டது.
* லேபில் லினக்ஸ் சர்வர், ஸ்விட்ச், ரூட்டர் இருக்கிறதா? மாணவர்கள் கையால் தொட்டுப் பழக முடியுமா?
* "100% வேலை உத்தரவாதம்" என்று சொல்லும் தனியார் பயிற்சி மையமா? சான்றிதழ் தருவது அவர்களா, தேர்வு நடத்தும் நிறுவனமா என்று கேளுங்கள். பதில் எழுத்தில் கிடைக்காவிட்டால் பணம் கட்டாதீர்கள்.