சாம்பல் நிலத்துக்குப் பச்சை பூசுதல்

கிராபிக்ஸ் மாட்களின் வரலாற்றை யார் சொன்னாலும் அது கிராபிக்ஸ் கார்டுகளின் வரலாறாகத்தான் இருக்கும். எந்த வருஷம் எந்த கார்டு வந்தது, டெக்ஸ்சர்கள் எப்போது 512 பிக்சலிலிருந்து 4096-க்குப் போயின என்று பட்டியல் நீளும். நான் இதை வேற பக்கத்திலிருந்து சொல்லிப் பார்க்கிறேன். ஒரு கற்பனை நிலத்தை 'அழகாக்க' ஒருவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும்போது, அவர் மனசுக்குள் ஏற்கெனவே ஒரு அழகான நிலம் இருக்கிறது. அது எந்த நிலம்? அங்கே எப்படி வந்து உட்கார்ந்தது? அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவே கரிசக்காட்டில் வளர்ந்தவனுக்கு இந்தக் கேள்வி தானாகவே வரும். எங்க பக்கத்தைப் படம் பிடிக்க வருகிறவர்கள் முதலில் அதைக் கொஞ்சம் சரிசெய்துகொண்டுதான் பிடிக்கிறார்கள்.

*

மாரோவிண்ட் 2002 மே மாதம் வெளிவந்தது. பெதஸ்டா நிறுவனத்தின் எல்டர் ஸ்க்ரோல்ஸ் வரிசையில் மூன்றாவது ஆட்டம். கதை நடக்கும் வார்டன்ஃபெல் தீவின் நடுவில் ஒரு எரிமலை. தெற்கே கொஞ்சம் பசுமை உண்டு. மலையைச் சுற்றி வெறும் சாம்பல் காடு. செத்த மரம், பாறை, நெருப்புக் குழம்பு ஓடிக் காய்ந்த நீளமான பள்ளங்கள். சாம்பல் புயல் அடித்தால் எதிரே வரும் ஆட்கள் கையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டு நடப்பார்கள். முதல்முறை அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆடி மாசக் காத்துல பந்தல்குடி ரோட்டுல எங்க ஆளுக அப்படித்தான் நடப்பாங்க. மூஞ்சியில துண்டைச் சுத்திக்கிட்டு, ஒரு கையைக் கண்ணுக்கு மேல வச்சுக்கிட்டு.

அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர்களால் தூரத்து நிலத்தை வரைய முடியாது. அதனால் கொஞ்ச தூரத்துக்கு அப்பால் எல்லாவற்றையும் மூட்டம் போட்டு மறைத்தார்கள். போகவேண்டிய இடத்தைக் காட்டும் அம்புக்குறியும் கிடையாது. யாராவது வாயால் வழி சொல்வார்கள்: பாலத்தைத் தாண்டு, வடக்கே திரும்பு, ரெண்டு பாறைக்கு நடுவுல போ. நாம் நிலத்தைப் படித்துத்தான் போகணும். எங்க பக்கம் வழி கேட்டாலும் இதே கதைதான். "மொட்டைப் பனை வரும், அதத் தாண்டிக் கண்மாய்க் கரையேறு மாப்ள" என்பார்கள். மொட்டைப் பனை எது என்று தெரியாதவனுக்கு அந்த ஊர் கிடையாது.

ஆட்டத்தோடு அதைக் கட்டப் பயன்படுத்திய கருவியையும் பெதஸ்டா வட்டிலேயே கொடுத்தது. நிலத்தை யாரும் திருத்தலாம் என்பது அங்கே தொடங்கியது. 2001-ல் மாரோவிண்டுக்கான ரசிகர் தளமாக ராபின் ஸ்காட் தொடங்கியதுதான் பின்னாளில் நெக்ஸஸ் மாட்ஸ் என்று வளர்ந்தது. வந்த மாட்களில் எனக்கு முக்கியமாகப் படுவது மாரோவிண்ட் கிராபிக்ஸ் எக்ஸ்டெண்டர். டைம்ஸ்லிப் என்ற பெயரில் எழுதிய ஒரு மாடர் செய்தது. அது மூட்டத்தை விலக்கித் தூரத்து நிலத்தையும் வரைந்து காட்டியது.

விலகினதும் ஒரு விஷயம் தெரிந்துபோனது. தீவு ரொம்பச் சின்னது. மொத்தமே சுமார் 10 சதுர மைல். ஒரு நாள் நடை என்று நாம் நம்பிய ஊர் அடுத்த மேட்டுக்குப் பின்னால் நிற்கிறது. பள்ளமும் வளைவும் மூட்டமும் சேர்ந்துதான் அந்த நிலத்தை ஒரு நாடாகக் காட்டியிருந்தன. ஆட்டத்தின் குறை என்று நினைத்து எடுத்ததில், ஆட்டத்தின் அளவும் கூடவே போய்விட்டது.

*

அடுத்த ஆட்டமான ஆப்லிவியன் 2006-ல் வந்தபோது, திருத்தும் வேலையை நிறுவனமே செய்தது. கதை நடக்கும் சிரோடீல் நாடு பெரும்பாலும் அடர்ந்த வெப்பக்காடு என்று 1998-ல் ரெட்கார்ட் ஆட்டத்தோடு வந்த கையேடு சொல்லியிருந்தது. ஆட்டத்தில் வந்ததோ ஐரோப்பியச் சாயலில் புல்வெளியும் ஓக் மரமும். பிற்பாடு ஒரு கடவுள் காட்டை மாற்றிவிட்டார் என்று கதைக்குள்ளேயே காரணம் சொல்லப்பட்டது. மாட் போட்டுவிட்டு அதற்குப் புராணமும் எழுதிய மாதிரி.

அதே 2006-ல் எதிர்த்திசையிலும் ஒரு மாட் வந்தது. பெயர் ஓல்ட்பிளிவியன். ஆப்லிவியன் கேட்ட ஷேடர் வசதி இல்லாத பழைய கார்டுகளிலும் அதை ஓடவைக்க, காட்சியைக் குறைத்துக் கொடுத்தது. கிராபிக்ஸ் மாட் என்றாலே மேலே ஏறுவதுதான் என்று நினைக்கிறோம். எங்களைப் போன்ற சின்ன ஊர்ப் பையன்களுக்கு முதலில் பழக்கமானது இறங்குகிற மாட்தான். புல்லை எடு, நிழலை எடு, தூரத்தைக் குறை, ஓடுதா பாரு. அப்படிப் புல்லை எடுத்துவிட்டு ஆடும்போது அடியில் தரை தெரியும். மேடு பள்ளம் கண்ணுக்குப் பிடிபடும்.

ஸ்கைரிம் 2011 நவம்பர் 11 அன்று வந்தது. அதற்குப் போட்ட மாட்களில் பேர் பெற்றது போரிஸ் வொரொன்ட்சோவ் உருவாக்கிய ஈஎன்பி. அது வேலை செய்யும் விதம் தெரிந்துகொள்ளத்தக்கது. ஆட்டம் ஒவ்வொரு காட்சியையும் வரைய விண்டோஸின் டைரக்ட்எக்ஸைக் கூப்பிடும். ஈஎன்பி அதே பெயருள்ள ஒரு கோப்பாக ஆட்டத்தின் போல்டருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆட்டம் கூப்பிட்டால் முதலில் இது குரல் கொடுக்கும். காட்சியை வாங்கி, மூலைகளில் நிழல் சேர்த்து, வெளிச்சத்தைக் கசியவிட்டு, தூரத்தை மங்கலாக்கி, நிறத்தை மாற்றித் திரைக்கு அனுப்பும். நிலத்தில் ஒரு கல்லும் நகர்ந்திருக்காது. நமக்கும் நிலத்துக்கும் நடுவில் ஒரு கண்ணாடி மட்டும் வந்திருக்கும்.

*

அந்தக் கண்ணாடி புதுசில்லை. 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஊர் சுற்றப் போகிறவர்கள் உள்ளங்கை அளவில் ஒரு கண்ணாடியைப் பையில் வைத்திருந்தார்கள். லேசாகக் குவிந்து, கருஞ்சாயம் ஏறியது. 17ஆம் நூற்றாண்டு ஓவியர் க்ளோட் லொரெய்னின் பெயரால் அதை க்ளோட் கண்ணாடி என்றார்கள். அவர் ஓவியங்களில் மாலை வெளிச்சம் இருக்கும். ஓரத்தில் ஒரு பெரிய மரம், நடுவில் நீர்நிலை, எட்டத்தில் இடிந்த கோபுரம். கண்ணாடிக்காரர்கள் நிஜமான மலைக்கு முதுகைக் காட்டி நின்று, கண்ணாடிக்குள் தெரியும் மலையைப் பார்ப்பார்கள். அதில் நிறங்கள் அடங்கி, எல்லாம் லொரெய்ன் வரைந்த மாதிரி தெரியும். கவிஞர் தாமஸ் கிரே 1769-ல் ஏரி மாவட்டத்தில் இந்தக் கண்ணாடியோடு சுற்றியபோது மல்லாக்க விழுந்து விரல் முட்டியைப் பேர்த்துக்கொண்டார். கண்ணாடிக்கு ஒண்ணும் ஆகல.

இந்த ரசனை கப்பலேறி நம்ம ஊருக்கும் வந்தது. தாமஸ் டேனியலும் அவர் அண்ணன் மகன் வில்லியமும் 1792-ல் சென்னையிலிருந்து கன்னியாகுமரிவரை பயணம் செய்து ஓவியங்கள் வரைந்தார்கள். பிற்பாடு லண்டனில் வெளியிட்ட தொகுப்பில் மதுரை அரண்மனையும் பாபநாசம் அருவியும் உண்டு. ஒன்று இடிபாடு, இன்னொன்று நீர். மதுரைக்கும் பாபநாசத்துக்கும் நடுவே கரிசல் எத்தனையோ மைல் விரிந்து கிடக்கிறது. அருவியும் மண்டபமும் மரநிழலும் தேடுகிற கண்ணுக்கு அங்கே நிற்க இடமில்லை. ஈஎன்பி போட்டு எடுத்த ஸ்கைரிம் படங்களை வரிசையாகப் பாருங்கள். மாலை வெளிச்சம், ஓரத்து மரம், ஏரி, இடிந்த கோபுரம். லொரெய்ன் இறந்தது 1682-ல்.

*

இந்தக் கண்ணுக்கு வறண்ட நிலம் என்பது இன்னும் முடிக்காத நிலம். எதையாவது சேர்த்தால்தான் அது நிலமாகும். நான் மறுக்க விரும்புவது இதைத்தான்.

செய்தித்தாளில் வறட்சி என்றால் ஒரே படம்தான் போடுவார்கள்: பாளம் பாளமாக வெடித்த மண். கரிசல் மழை நன்றாகப் பெய்த வருஷத்திலும் கோடையில் வெடிக்கும். அந்தக் களிமண் நீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். வெடிப்புக்குள் மேல்மண் பொடிந்து விழும். அடுத்த மழையில் வெடிப்பு மூடிக்கொண்டு அடிமண் மேலே தள்ளப்படும். மண் தன்னைத்தானே உழுதுகொள்கிறது. சம்சாரிக்கு அந்த வெடிப்பு மண்ணோட சுபாவம். போட்டோவில் அது பஞ்சம்.

இன்னொரு கணக்கு. விருதுநகர் மாவட்டத்தில் வருஷத்துக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. லண்டனில் சுமார் 600. பச்சைப் பசேல் என்ற ஊரைவிட எங்களுக்கு மழை கூடுதல். அது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் மொத்தமாகக் கொட்டிவிட்டுப் போகும், மிச்ச மாசமெல்லாம் வெயில் உறிஞ்சும் என்பதுதான் வித்தியாசம். அதனால்தான் கண்மாய்கள். திருச்சுழியின் தலபுராணமே வெள்ளக் கதை. பிரளயம் வந்தபோது சிவன் சூலத்தால் பூமியில் துளையிட, வெள்ளம் சுழித்து உள்ளே இறங்கியதாம். அதனால் ஊர் சுழி. குண்டாறு வருஷத்தில் பெரும்பாலும் மணலாகக் கிடக்கும் ஊருக்கு வெள்ளத்தால் பேர் வந்திருக்கிறது. மார்கழியில் வந்தால் சோளமும் உளுந்தும் மல்லியும் நிற்கும். சித்திரையில் வெறும் கருப்பு. ரெண்டும் ஒரே நிலத்தின் ரெண்டு முகம். ஒரு முகத்தை மட்டும் அழித்து எழுதச் சொல்ல முடியாது.

ஆனால் நிஜத்தில் எழுதினார்கள். சீமைக்கருவேலம் அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்த மரம். 1870களில் இந்தியாவுக்கு வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகான பத்தாண்டுகளில் விறகுக்கும் வேலிக்கும் வெற்று நிலத்தைப் பச்சையாக்கவும் வறண்ட மாவட்டங்களில் அதைப் பரப்பினார்கள். ஆடு காயைத் தின்று விதையைச் சாணத்தில் போட்டுக்கொண்டே போனது. மேய்ச்சல் தரை, கண்மாய் உள்வாய், தரிசு எல்லாம் மூடியது. இன்று திருச்சுழி வட்டாரத்தை மேலிருந்து பார்த்தால் பச்சைதான். கிட்டப் போனால் உள்ளே கால் வைக்க முடியாது. 2017-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை அகற்ற உத்தரவிட்டது. ஜேசிபி வந்து தோண்டிய இடத்திலும் மறு மழைக்குத் துளிர்த்தது. இதற்குள் அந்த மரத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுப்பது எத்தனையோ குடும்பங்களின் பிழைப்பாகிவிட்டது. மரம் போகணும் என்று சொல்கிறவர்கள் அந்தக் குடும்பங்களுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். ஆட்டத்தில் பிடிக்காத மாட்டை ஒரு சொடுக்கில் எடுத்துவிடலாம். இங்கே அது வேர் விட்டு, சோறும் போடுகிறது.

*

அதற்காக யாரும் மாட் போடக்கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. வர்ட் என்ற பெயரில் இயங்கும் மாடர், ஸ்கைரிமுக்குப் புல்லும் மரமுமாகக் குவித்தவர், மாரோவிண்டின் சாம்பல் காட்டுக்கும் ஒரு மாட் செய்திருக்கிறார். அதில் செத்த மரங்கள் செத்த மரங்களாகவே இருக்கின்றன. பட்டையின் முறுக்கும் கிளையின் கோணலும் மட்டும் கூடியிருக்கின்றன. வறட்சியையும் உற்றுப் பார்த்துச் செய்யலாம் என்பதற்கு எனக்கு அது போதும். கி. ராஜநாராயணனும் பூமணியும் கரிசலுக்குச் செய்தது கிட்டத்தட்ட இதுதான். அவர்கள் அந்த மண்ணுக்கு ஆற்றங்கரையைக் கடன் வாங்கித் தரவில்லை.

மாரோவிண்டை இன்றைய கம்ப்யூட்டர்களில் ஓட்ட ஓபன்எம்டபிள்யூ என்று ஒரு எஞ்சின் இருக்கிறது. தன்னார்வலர்கள் முதலிலிருந்து எழுதியது. பார்வைத் தூரத்தை அதில் நாமே வைத்துக்கொள்ளலாம். தீவு முழுக்கத் தெரியும் அளவுக்கு இழுக்க என் கார்டில் இப்போது சக்தி இருக்கிறது. நான் அதைப் பழைய அளவிலேயே வைத்திருக்கிறேன். தரைக்கு நல்ல டெக்ஸ்சர் போட்டிருக்கிறேன், நிழல் போட்டிருக்கிறேன், புல் மாட் போடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த சித்தி பையன் கேட்டான்: "என்னண்ணே, இவ்வளவு பெரிய கார்டு வாங்கி நம்மூரையே பாத்துக்கிட்டு இருக்க?"