வீடும் வகுப்பறையும்

கல்வி கற்பிக்கும் முறைகள் காலந்தோறும் மாறி வருவன. இந்நாளில் ஆசிரியர் பயிற்சிகளில் பெரிதும் பேசப்படுவது 'தலைகீழ் வகுப்பறை' என்னும் முறையாகும். வகுப்பில் பாடம் கேட்டு வீட்டில் கணக்குப் போடுவது பழைய வழக்கம். புதிய முறையிலோ, மாணவர் பாடத்தைக் காணொளி வாயிலாகவோ நூல் வாயிலாகவோ வீட்டிலேயே அறிந்து வருவர். வகுப்பு நேரம் கணக்குப் போடவும், ஐயம் தெளியவும், கூடி விவாதிக்கவும் பயன்படும். மாணவன் இடறும் வேளையில் ஆசிரியர் அருகிருப்பார் என்பதே இதன் சிறப்பு.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து உட்லண்ட் பார்க் உயர்நிலைப் பள்ளியில், 2007ஆம் ஆண்டில், ஜொனாதன் பெர்க்மன், ஆரன் சாம்ஸ் என்னும் வேதியியல் ஆசிரியர் இருவர், வகுப்பைத் தவறவிட்ட மாணவர்க்காகத் தம் பாடங்களைப் பதிவு செய்யத் தொடங்கினர். அம்முயற்சியே பின்னர் இம்முறையாக வளர்ந்தது. விடுபட்ட பிள்ளையை எண்ணிப் பிறந்த முறையாதலின் நாம் இதனை வரவேற்கிறோம். ஆயினும், பாடத்தின் முற்பாதி வீட்டில் நிகழும் என்றால், அது எவருடைய வீடு என்று கேட்கும் கடமை நமக்கு உண்டு. அக்கேள்வியை நம் நாட்டு வரலாறே எழுப்பியுள்ளது.

அன்றைய சேலம் மாவட்டத்துத் தொரப்பள்ளியில் பிறந்து, சேலம் நகராட்சித் தலைவராகவும் விளங்கியவர் இராஜாஜி. அவர் சென்னை மாநில முதலமைச்சராக இருந்தபோது, 1953இல் புதிய தொடக்கக் கல்வித் திட்டம் ஒன்றைக் கொணர்ந்தார். கிராமப்புறப் பள்ளிகளில் ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரமே வகுப்பு. எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலைப் பயில வேண்டும். இரு வேளையாகப் பள்ளி நடத்தினால், இருக்கின்ற கட்டடத்தையும் ஆசிரியரையும் கொண்டு மிகுதியான பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது அரசு கூறிய காரணம். பெரியாரும் பிறரும் இதனைக் 'குலக்கல்வி' என்று கடுமையாக எதிர்த்தனர். 1954 ஏப்ரலில் காமராசர் முதலமைச்சரானார். மே மாதத்தில் திட்டம் கைவிடப்பட்டது.

இவ்விரண்டும் ஒன்றல்ல. முன்னது பள்ளி நேரத்தைக் குறைத்தது. பின்னது பள்ளி நேரத்தைச் செறிவாக்க விழைகிறது. எனினும் இரண்டும் வீட்டின் மீதே சாய்ந்து நிற்கின்றன. வீட்டில் கற்கச் சொன்னால், பிள்ளை அங்கே இருப்பதைத்தான் கற்கும். நூல்கள் உள்ள வீட்டில் நூலைக் கற்கும். தோலும் ஊசியும், பண்ணை வேலையும் மட்டுமே உள்ள வீட்டில் அவற்றையே கற்கும்.

இதை உணர்ந்த நம் முன்னோர், வீட்டில் இல்லாததைத் தெருவில் தர முனைந்தனர். எல். சி. குருசாமி சென்னையில் அருந்ததியர் பிள்ளைகளுக்கு இரவுப் பள்ளிகள் நடத்தினார். தொழிலாளர் துறை, ஒடுக்கப்பட்டோர் குடியிருப்புகளை ஒட்டித் திறந்த பள்ளிகளே பின்னாளில் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளாயின.

2020 மார்ச்சில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது அதே கேள்வி மீண்டும் எழுந்தது. 2019இல் தொடங்கப்பட்டிருந்த கல்வித் தொலைக்காட்சி பாடங்களை ஒளிபரப்பியது. ஆனால் பள்ளிபாளையத்து விசைத்தறிக் கூலியின் வீட்டிலும், நாமக்கல் கோழிப்பண்ணைத் தொழிலாளியின் வீட்டிலும் இருப்பது ஒரே கைப்பேசி எனின், அது தந்தையோடு வேலைக்குச் சென்றுவிடும். 2021 அக்டோபரில் தமிழக அரசு 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கி, தன்னார்வலர் வாயிலாகக் குடியிருப்புகளிலேயே மாலை வகுப்புகளை நடத்தியது. பழைய இரவுப் பள்ளியின் நெறியே அங்கு மீண்டும் உயிர் பெற்றது எனலாம்.

ஆதலின், தலைகீழ் வகுப்பறையை நம் ஊர்களில் நடத்த விரும்பும் ஆசிரியர், பாடத்தின் முற்பாதிக்கு முதலில் இடம் காணல் வேண்டும். பெருஞ்செலவு வேண்டுவதில்லை. மாலையில் திறந்திருக்கும் ஓர் அறை, நல்ல விளக்கு, பலர் கூடிப் பார்க்க ஒரு திரை, சில நூல்கள், உடனிருந்து உதவ மேல் வகுப்பு மாணவர் ஒருவர், இவை போதும். மறுநாள் வகுப்பில் நம் பிள்ளையும் பிறரோடு ஒரே படியில் நிற்கும்.

வெள்ளி விழாக் காணும் நம் சங்கம் ஊர்தோறும் இத்தகைய மாலை அறை ஒன்றைத் திறக்க முன்வருமாக. வீட்டின் வறுமை பிள்ளையின் கல்விக்கு எல்லையாகாதிருக்க அதுவே வழி.