அஞ்சுகிராமத்தில் ஓ.எஸ். போட்ட காலம்

வட்டக்கோட்டைக்குப் பக்கத்தில் அஞ்சுகிராமத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவன் நான். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் சி.டி. போட்டு, நீலத்திரையில் எஃப்8 அழுத்தி, சி டிரைவை பார்மட் அடித்து, 25 எழுத்துச் சாவியைத் தட்டுவோம். "கல்யாண போட்டோ எல்லாம் டி டிரைவுலதானே இருக்கு?" என்று முதலில் கேட்டுக்கொள்வோம்.

2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய, மாணவர்களுக்கான தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸ் 7-உடன் பாஸ் லினக்ஸும் வந்தது. டெபியனை அடித்தளமாகக் கொண்டு சென்னை சி-டாக் உருவாக்கியது அது. இடம் வேண்டுமென்று பலர் அதை அழிக்கச் சொன்னார்கள். பார்ட்டிஷனை மட்டும் அழித்தால், ஓ.எஸ்.-ஐ எழுப்பும் க்ரப் என்ற நிரல் தன் கோப்புகளைத் தேடி நின்றுவிடும், விண்டோஸும் எழாது.

2014 ஏப்ரல் 8-இல் எக்ஸ்பிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன. பழைய பெட்டிகளைக் காப்பாற்ற லினக்ஸ் இருந்தது. கையிலேயே தந்த அந்த பாஸை வகுப்பிலும் சொல்லித் தந்திருந்தால், எத்தனையோ பிள்ளைகள் ஓ.எஸ். போடத் தாங்களே கற்றிருப்பார்கள்.